குடிக்காதவர் கல்லீரலில் கொழுப்பு எப்படி வந்தது?

திருமருகல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எனக்கு வயது 47. மூன்று ஏக்கர் நஞ்சை. சம்பா போடுகிறேன், அறுத்த தாளில் உளுந்து. வயிற்று வலி என்று போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பிறந்ததிலிருந்து சாராயத்தைத் தொட்டதில்லை. ஆனால் வாரம் இரண்டு தடவை உங்கள் பட்டினத்துக்கு ஏதாவது வேலையாக வந்து போகிறவன். எங்கள் ஊரில் 'காரைக்கால் பக்கம் போய் வருகிறான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். சீட்டைப் பார்த்த என் மைத்துனர், 'மறைக்காம சொல்லுங்க மச்சான்' என்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிற நேரம். பெண்ணோட அப்பா குடிகாரர் என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் பற்றி முன்பு ஒரு தடவை இந்தப் பகுதியில் தொட்டு எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பதில் எழுதினால் வெட்டி எடுத்து வீட்டில் காட்டுவேன்."

நான் மருத்துவன் அல்ல, வேளாண்மை படித்தவன். சிகிச்சை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் மண்ணிலும் மாட்டு வயிற்றிலும் நுண்ணுயிரிகள் செய்கிற வேலையைப் பாடமாகப் படித்து, முப்பது வருடமாக உழவர் உதவியகத்தில் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டிருக்கிறவன். மனிதக் குடலில் நடப்பதும் பெரும்பாலும் அதே கதைதான்.

முதலில் மைத்துனருக்குப் பதில். குடிக்காதவர் கல்லீரலிலும் கொழுப்பு சேரும். 1980-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களுடைய கல்லீரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் அச்சு அசல் குடிகாரர் கல்லீரல். ஆளைக் கேட்டால் குடிப்பதில்லை. பெரும்பாலோர் உடல் பருமனானவர்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் இப்படிப்பட்டவர்களை 'பொய் சொல்கிறார்' என்றே பல மருத்துவர்கள் நினைத்திருக்கிறார்கள். லுட்விக் குழுதான் அதைத் தனி நோயாகப் பெயர் வைத்து எழுதியது. ஆக, உங்களுக்கு வந்த சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவிலேயே வந்ததுதான்.

நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சென்னை நகரத்தில் டாக்டர் வி. மோகன் குழுவினர் எடுத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்தவர்களில் 100-க்கு 32 பேருக்குக் குடிப்பழக்கம் காரணமல்லாத கல்லீரல் கொழுப்பு இருந்தது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்தில் இந்த நோயையும் சேர்த்துவிட்டது. 2023-ல் உலக மருத்துவ அமைப்புகள் கூடி நோயின் பெயரையே மாற்றின. பழைய பெயரில் 'மது' என்ற சொல் இருந்தது, புதிய பெயரில் இல்லை. நோயாளிக்கு அவப்பெயர் வருகிறது என்பதும் மாற்றியதற்கு ஒரு காரணம். இந்தப் பத்தியை மட்டும் வெட்டிக் காட்டினாலும் போதும்.

இனி எங்கள் மாநிலத்தைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. உடல் பருமனில் இந்தியாவிலேயே முதலிடம் புதுச்சேரி, 100-க்கு 53 பேர். வயிற்றுப் பகுதியில் சதை போட்டவர்கள் 100-க்கு 61 பேர். சர்க்கரை நோயில் கோவாவுக்கு அடுத்து இரண்டாமிடம், 100-க்கு 26 பேர். புதுச்சேரி என்றாலே எல்லோரும் சாராயக்கடையைத்தான் பேசுகிறார்கள். அது பேச வேண்டியதுதான், கீழே வருகிறேன். ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தில் பாதிக்கு மேல் சோற்றுத் தட்டில் இருக்கிறது என்பது என் கருத்து.

சரி, நுண்ணுயிரி எங்கே வருகிறது?

மனித உடலில் பாக்டீரியா மட்டும் சுமார் 38 லட்சம் கோடி இருப்பதாக 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம் உடம்பின் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது. குடலைக் காவிரியாக நினைத்துப் பாருங்கள். வாய் மேட்டூர் என்றால், சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் தஞ்சாவூர், கும்பகோணம். பெருங்குடல் நம்மைப் போல் கடைமடை. மேலே இருக்கிறவன் எல்லாத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் கடைமடைக்கு என்ன வரும்? தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை எல்லாம் சிறுகுடலிலேயே கரைந்து ரத்தத்துக்குப் போய்விடுகின்றன. கடைமடையில் இருக்கிற பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்வது நார்ச்சத்தும், எளிதில் செரிக்காத மாவுச்சத்தும் மட்டும்தான். அதை அவை புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சில அமிலங்களைத் தருகின்றன. இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரில் உள்ள செல்களுக்கு முக்கியச் சாப்பாடு. மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த மூன்று பெயரும் தெரிந்திருக்கலாம். வைக்கோலைத் தின்ற மாட்டின் முதல் வயிற்றில் பாக்டீரியா உண்டாக்குவதும் இதே அமிலங்களைத்தான். மாடு உயிர் வாழ்வதும் பால் கறப்பதும் இதனால்தான்.

நார் வராவிட்டால் பாக்டீரியா சும்மா இருக்குமா? தீவனம் போடாத மாடு கூரைக் கீற்றைப் பிடுங்கித் தின்கிற மாதிரி, குடல் சுவரின் மேல் பூசியிருக்கிற வழுவழுப்பான சளிப் படலத்தைத் தின்ன ஆரம்பிக்கிறது. எலிகளில் 2016-ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். படலம் மெலிந்தால் வேலி ஓட்டையாகிறது. பாக்டீரியாவின் உடல் சிதைவுகள் ரத்தத்தில் கசிகின்றன. அந்த ரத்தம் நேராக எங்கே போகிறது? கல்லீரலுக்கு. கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து ஒரு தனிக் குழாய் வழியாக வருவது. குடலில் என்ன நாற்றம் எழுந்தாலும் முதலில் முகர்வது கல்லீரல்தான். ஏற்கெனவே மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கிச் சேமித்து வைத்திருக்கும் கல்லீரலில் இந்தக் கசிவும் சேர்ந்தால் வெறும் கொழுப்பாக இருந்தது அழற்சியாகிறது. அழற்சி நீடித்தால் தழும்பு விழுந்து இறுகுகிறது. அதுதான் பிறகு கல்லீரல் சுருக்கம்.

இதை நம்ப முடியாதவர்கள் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பாசத்தில் பொங்கலையும் சோற்றையும் வாளி வாளியாக மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். மாட்டின் வயிற்றில் மாவுச்சத்தைத் தின்னும் பாக்டீரியா திடீரென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நார் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும். மாடு அசை போடாது, சாணி புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும், படுத்தால் எழுந்திருக்காது. பிழைத்த மாட்டிலும் அமிலத்தால் வயிற்றின் உள்சுவர் புண்ணாகி, அதன் வழியே கிருமி ரத்தத்தில் ஏறிக் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்குவது கால்நடைப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். தானியம் அதிகம் போட்டு இறைச்சிக்கு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணைகளில் இது அன்றாடப் பிரச்சினை. தீனி மாறினால் நுண்ணுயிரி மாறுகிறது, நுண்ணுயிரி மாறினால் கல்லீரல் அடி வாங்குகிறது. மனிதனுக்கு மாடு மாதிரி ஒரே நாளில் நடப்பதில்லை, இருபது வருடம் ஆகிறது. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னொரு செய்தி, கேட்டால் சிரிப்பீர்கள். பெய்ஜிங்கில் ஒருவர் மதுவே குடிக்காமல் போதையில் தள்ளாடினார். ரத்தத்தில் பார்த்தால் ஆல்கஹால் நிறைய. மாவுச்சத்து அதிகமுள்ள சாப்பாடு சாப்பிட்டால் போதை ஏறும். அவர் குடலில் இருந்த கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா சோற்றையும் சர்க்கரையையும் வைத்து உள்ளேயே சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது! அவருக்குக் கல்லீரல் கொழுப்பு அழற்சியும் கடுமையாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதோடு விடாமல் குடிக்காத கல்லீரல் கொழுப்பு நோயாளிகள் 43 பேரைச் சோதித்தார்கள். 100-க்கு 60 பேரிடம் இதே போல ஆல்கஹால் உண்டாக்கும் கிளெப்சியெல்லா வகைகள் இருந்தன. அந்தப் பாக்டீரியாவை எலிக்குக் கொடுத்தால் எலிக்கும் கல்லீரலில் கொழுப்பு வந்தது. 2019-ல் வெளியான ஆய்வு இது. உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். "அப்போ உள்ளேயே கடை வச்சிருக்கீங்களா" என்று கேட்டுவிடுவார். எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. போதை ஏறும் அளவுக்குப் போவது மிக மிக அபூர்வம்.

உடல் பருமனிலும் இப்படித்தான். அமெரிக்காவில் ஜெஃப்ரி கோர்டன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, பருத்த எலியின் குடல் நுண்ணுயிரிகளைக் கொடுத்தார்கள். மெலிந்த எலியின் நுண்ணுயிரி பெற்றவற்றைவிட இவை அதிகக் கொழுப்பு போட்டன. அது 2006. பிறகு 2013-ல், ஒருவர் பருமன், இன்னொருவர் மெலிவு என்று இருக்கும் மனித இரட்டையர்களின் குடல் நுண்ணுயிரிகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோதும் அப்படியே நடந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும் பழக்கம் உள்ளவை. மெலிந்தவரின் நுண்ணுயிரிகள் மற்ற எலிக்குள் போய்க் குடியேறி அது பருக்காமல் தடுத்தன. ஆனால் எப்போது? நார் அதிகமாகவும் கொழுப்புக் குறைவாகவும் தீனி போட்டபோது மட்டும். தீனி சரியில்லாவிட்டால் நல்ல நுண்ணுயிரி வந்தும் நிலைக்கவில்லை.

இது நமக்குப் புதிதா? அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலம் வாங்கும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம்? ஒரு எக்டேருக்கு 25 கிலோ தொழுவுரமும் 25 கிலோ மண்ணும் கலந்து போடுங்கள் என்று. வெறும் யூரியாவிலும் உப்பிலும் காய்ந்த மண்ணில் பொட்டலத்தைக் கொட்டினால் காசுதான் வீண்.

சீனாவில் ஷாங்காயைச் சேர்ந்த ஜாவ் லிபிங் குழுவின் நோயாளி ஒருவர் 174.8 கிலோ எடை இருந்தார். அவர் குடல் பாக்டீரியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்டரோபாக்டர் என்ற ஒரே இனம். நிலம் முழுக்கக் கோரை மண்டிய மாதிரி. முழு தானியமும், அந்நாட்டு மருந்துணவுகளும், நார்ச்சத்தும் கொண்ட சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். 23 வாரத்தில் 51.4 கிலோ குறைந்தார். அந்தப் பாக்டீரியா கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது. எதையும் தெளித்துக் கொல்லவில்லை, தீனியை மாற்றினார்கள். ஒரே ஒருவரைப் பற்றிய செய்தி என்பதையும் நினைவில் வையுங்கள். எலியில் நடப்பதெல்லாம் மனிதனில் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நுண்ணுயிரி ஒரு காரணம், ஒரே காரணமல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது, வரப்பு வரைக்கும் வண்டி போகிறது, சோற்றின் அளவு மட்டும் அப்பா காலத்து அளவாகவே இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோழி வளர்ப்போருக்கு ஒரு சிறு குறிப்பு, பிறகு சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆரியோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்க லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாபிரகடா சுப்பாராவ். அவர் 1948-ல் இறந்த பிறகு, அதே நிறுவனத்தில், அந்த மருந்து தயாரித்த கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டபோது குஞ்சுகள் வேகமாகப் பருத்தன. 1950-லேயே உலகம் முழுக்கச் செய்தி பரவியது. சிறிதளவு ஆன்டிபயாட்டிக் தீனியில் போட்டால் எடை கூடும் என்பது பண்ணைக்காரனுக்கு எழுபது வருடமாகத் தெரியும். குடல் நுண்ணுயிரி மாறுவதுதான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. குட்டிப் பருவத்திலேயே சிறிதளவு பென்சிலின் கொடுத்த எலிகள் பிற்காலத்தில் கொழுத்தன என்றும் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, கால்நடைத் தீனிக்குப் பயன்படுத்த 2019 ஜூலையில் தடை விதித்தார்கள். நான் சொல்ல வருவது வேறு: குழந்தைக்குச் சளி பிடித்தவுடன் மெடிக்கல் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு வேளை கொடுத்து நிறுத்துகிறோமே, அதை விட்டுவிடுங்கள். டாக்டர் எழுதினால் எழுதிய நாள் வரைக்கும் கொடுங்கள், எழுதாவிட்டால் வேண்டாம்.

இப்போது சோற்றுத் தட்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. அதே நிறுவனத்தின் உணவுப் பட்டியலில் 100 கிராம் தீட்டிய அரிசியில் நார் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். தோலோடு கூடிய பச்சைப்பயறில் 17, தோல் உளுந்தில் 20. மூன்று வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசி சாப்பிடுகிற ஒருவருக்கு அதிலிருந்து சுமார் 8 கிராம்தான் தேறும். மீதி 22 கிராம் குழம்பில் மிதக்கிற நாலு கத்தரிக்காயிலிருந்து வருமா?

நெல் தரிசில் உளுந்தும் பயறும் விதைக்கிற ஊர் இது. தை, மாசியில் எந்த வயலைப் பார்த்தாலும் பயறுதான். அறுத்து அடித்து, களத்திலேயே வியாபாரிக்கு மொத்தமாக எடை போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கடையில் தோல் நீக்கிய வெள்ளை உளுந்து வாங்கி இட்லிக்குப் போடுகிறோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒரு மூட்டை பயறை வீட்டுக்கென்று வேப்பிலை போட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? தினமும் ஆளுக்கு ஒரு கைப்பிடி முழுப்பயறு சுண்டலாகவோ, குழம்பிலோ, முளைகட்டியோ போனால் அதிலேயே கடைமடைக்கு ஒரு முறை பாசனம் ஆகிவிடும். வாயு என்பார்கள். பழக்கமில்லாத வயிற்றுக்கு வாயு வரும், பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் பெருங்காயமும் போட்டு, முதல் வாரம் கொஞ்சமாக ஆரம்பித்தால் பழகிவிடும்.

திருமருகல் நண்பர் தன் சாப்பாட்டையும் எழுதியிருக்கிறார். காலை ஆறு இட்லி, மதியம் சோறு, இரவும் சோறு, நாளுக்கு ஐந்து டீ. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றாலும் 40 கிராமுக்கு மேல். டீயை மூன்றாகக் குறைத்து, சர்க்கரையைப் பாதியாக்குங்கள். இதற்குச் செலவு கிடையாது, வரவுதான். மதியச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, வாழைக்காய் என்று கொல்லையில் கிடைப்பதை வையுங்கள். நாளுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது 2024-ல் வந்த உணவு வழிகாட்டி. உருளைக்கிழங்கு அதில் சேராது. இரவு வாரம் நாலு நாள் கேழ்வரகு அடை, கம்பங்கூழ் என்று மாற்றுங்கள். மீன் நம் ஊரில் நன்றாகக் கிடைக்கிறது, பட்டினச்சேரிக்கு அந்தப் பக்கம் கடல். குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், எண்ணெயில் பொரிக்க வேண்டாம். கருவாடு ஆசைக்குத்தான், உப்பு அதிகம்.

பாரம்பரிய அரிசி பற்றி ஒரு வார்த்தை. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் விளைவிப்பவர்களை நான் ஊக்குவிக்கிறவன்தான். தீட்டாமல் சாப்பிட்டால் நார் அதிகம், உண்மை. அதையே வெள்ளையாகத் தீட்டி மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு மருந்து என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பழைய சோறு பற்றித் தொடர்ந்து கடிதம் வருகிறது. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் கரையாததாகிவிடுகிறது. அது கடைமடைக்குப் போய்ச் சேரும். இரவு முழுக்கத் தண்ணீரில் கிடக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வையே எடுத்துச் செய்தார்கள். நல்ல உணவுதான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுவிட வேண்டும். கல்லீரல் கொழுப்பு இருக்கிறவர் மற்ற வேளைச் சோற்றோடு கூடுதலாக இதையும் சாப்பிட்டால் பயனில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும்.

குடிக்கிறவர்கள் விஷயம். கேட்டவர் குடிக்காதவர் என்றாலும், இதைப் படிக்கிறவர்களில் குடிக்கிறவர்களும் இருப்பார்கள். சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலம் விடுகிற மாநிலத்தில் இருந்துகொண்டு அதை எழுதாமல் விடுவது சரியல்ல. மது குடல் சுவரின் வேலியை நேரடியாகப் பிரிக்கிறது. நுண்ணுயிரிகளையும் மாற்றுகிறது. டெல்லியில் கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சரீன் குழுவினர் 2017-ல் ஒரு சிகிச்சையைப் பற்றி எழுதினார்கள். மதுவால் கல்லீரல் அழற்சி முற்றி, ஸ்டீராய்டு மருந்தும் கொடுக்க முடியாத நிலையில் 8 பேர். பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியமான உறவினரின் மலத்திலிருந்து தயாரித்த நுண்ணுயிரிக் கரைசலை மூக்கு வழிக் குழாயில் ஏழு நாள் செலுத்தினார்கள். ஓராண்டு கழித்து 8 பேரில் 7 பேர் உயிரோடு இருந்தார்கள். அதே நிலையில் முன்பு இந்தச் சிகிச்சை பெறாதவர்களில் மூன்றில் ஒருவர்தான் பிழைத்திருந்தார். அருவருப்பாக இருக்கிறதா? அசை போடாத மாட்டுக்கு நல்ல மாட்டின் வயிற்று நீரை எடுத்து ஊற்றுவது கால்நடை மருத்துவத்தில் பழைய வழிதான். 8 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, பெரிய மருத்துவமனையில் மட்டும் செய்யக்கூடியது. பிழைத்தவர் மறுபடி குடித்தால் எந்த நுண்ணுயிரியும் காப்பாற்றாது. குடித்துக்கொண்டே கல்லீரலுக்கு மருந்து கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரக்கூடும், அதனால் அரசு மருத்துவமனையில் கேட்டு நிறுத்துங்கள்.

திருமருகல் நண்பர் செய்ய வேண்டியது இன்னும் சில. இடுப்பைத் தையல்காரர் டேப் வைத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-க்கு மேல் போகக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பாருங்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள், எல்லாவற்றையும் கொழுப்பு என்றே விட்டுவிடக் கூடாது. எடையில் 100-க்கு 5 பங்கு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 பங்கு குறைந்தால் அழற்சியும் அடங்கும். நீங்கள் 80 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆறு எட்டு கிலோ குறைத்தால் போதும். அவசரம் வேண்டாம், ஒரு சம்பா பருவம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இளைக்கப் பார்ப்பதும் கல்லீரலுக்குக் கெடுதல்.

சில குறுங்கேள்விகள்

*அம்பகரத்தூரிலிருந்து ஒரு சகோதரி:* நல்ல பாக்டீரியா பொடி என்று விற்கிறார்கள். தொப்பை குறையும் என்று சொல்லி ஒரு டப்பா ரூ. 1,800. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். எந்த நுண்ணுயிரி, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று எழுதாத பொடியை நாங்கள் வயலுக்கே சிபாரிசு செய்வதில்லை. வீட்டில் உறை ஊற்றிய தயிரும் மோரும் இருக்கிறது. 1,800 ரூபாய்க்குப் பயறும் காயும் எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*நெடுங்காட்டு வாசகர்:* கீழாநெல்லி சாப்பிட்டால் கல்லீரல் கொழுப்பு கரையுமா?

கீழாநெல்லியை மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கொடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதியது பெரிய செய்தியாக இருந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் சீராகக் கிடைக்கவில்லை. அது வைரஸ் பற்றியது, கொழுப்பு பற்றியதல்ல. யாரோ அரைத்துக் கொடுக்கும் கலவை மூலிகைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. எது சாப்பிடுவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், மறைக்காதீர்கள்.

*நிரவி வாசகி:* வீட்டுக் கொல்லையில் இரண்டு சென்ட் இடம். உப்புத் தண்ணீர். என்ன கீரை, காய் வரும்?

முதலில் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து உழவர் உதவியகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். மேட்டுப்பாத்தி எடுத்து, மக்கிய தொழுவுரம் நிறையப் போட்டு, மழைக்காலத் தண்ணீர் மண் உப்பைக் கழுவிய பிறகு தை மாதத்தில் விதையுங்கள். பசலை, தண்டுக்கீரை, கொத்தவரை தாங்கும். வீட்டுக் கழுவுநீர் போகிற இடத்தில் இரண்டு வாழை வையுங்கள். முருங்கை தண்ணீர் தேங்காத மேட்டில் ஒன்று போதும். அவரைக்கு உப்பு ஆகாது, அதை மழைத் தண்ணீர் நிற்கும் பருவத்தில் தொட்டியிலோ சாக்கிலோ போடுங்கள்.